ரெசினைத் திறக்கும் முன்: வேக்கம் இன்ஃபியூஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காற்றாலை இறக்கை முதல் படகின் உடல் வரை, பெரிய கூட்டுப்பொருள் பாகங்கள் பலவும் இன்று வேக்கம் இன்ஃபியூஷன் முறையில்தான் உருவாகின்றன. மோல்டின் மேல் உலர்ந்த இழைத்துணியை அடுக்கி, பிளாஸ்டிக் பையால் மூடி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தபின், இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசினான ரெசினைத் திறந்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே அதைத் துணிக்குள் தள்ளிக்கொண்டு போகும். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை எடைபோடாமல் ஊற்றுவது, ரெசின் வாளி காலியாவதைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே தொடவில்லை.

பம்ப் ஓடும்போது கேஜைப் பார்த்து நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பந்தயக் கார் செய்யும் கல்லூரி மாணவர் குழு ஒன்று, காரின் முன்மூக்கைக் கார்பன் துணியில் அடுக்கி முடித்துவிட்டு என்னை அழைத்தது. “முள் கடைசிவரை போயிடுச்சு சார், ரெசினைத் திறக்கலாமா?” என்று கேட்டார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அழுத்தம் காட்டும் கேஜும் பம்பின் வாயிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பம்புக்குப் போகும் வால்வை மூடிப் பாருங்கள் என்று சொன்னேன். நேரமாகிவிட்டது, ரெசினையும் கலந்துவிட்டோம் என்று சொல்லித் திறந்துவிட்டார்கள். மறுநாள் மோல்டிலிருந்து எடுத்தபோது, விளிம்பில் தொடங்கி நடுப்பகுதி வரை விரலளவு அகலத்தில் வெளிறிய தடம் ஒன்று ஓடியிருந்தது. நகத்தால் கீறினால் இழை தனியாகப் பிரிந்து வந்தது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணி முழுவதும் வீணானது.

பம்ப் ஓடும்போது கேஜ் காட்டுவது பம்பின் திறமையையே தவிர, பையின் இறுக்கத்தை அன்று. நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கும் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பை நிமிடத்துக்கு 1 லிட்டர் வெளிக்காற்றை உள்ளே விட்டாலும், அந்தப் பம்ப் கேஜை ஏறத்தாழ 10 மில்லிபாரில் (வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1000 மில்லிபார்) நிறுத்திவைத்துவிடும்; பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் ரெசின் ஒரு மணி நேரம் ஓடினால், அதற்குள் 60 லிட்டர் காற்று துணியின் வழியாகப் போயிருக்கும். உள்ளே புகும் காற்று புகுந்த அளவிலேயே இருப்பதுமில்லை: 50 மில்லிபார் உள்ள இடத்துக்கு வரும் 1 மில்லிலிட்டர் காற்று 20 மில்லிலிட்டராக விரிந்து, ரெசினை ஒதுக்கித் தள்ளித் தனக்கு ஒரு பாதை போட்டுக்கொள்ளும். அந்த மாணவர்கள் கண்ட வெளிறிய தடம் அப்படி உண்டானதுதான்.

செய்ய வேண்டியது டிராப் டெஸ்ட். துணிக்குள் சிக்கிய காற்றும் ஈரமும் வெளியேற அரை மணி நேரமாவது பம்பை ஓடவிட்டு, பிறகு பம்புக்குப் போகும் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடி, பையின் மீதே, பம்பிலிருந்து தொலைவில் பொருத்திய கேஜைப் பார்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் 5 மில்லிபாருக்கு மேல் ஏறினால், நான் ரெசின் டின்னைத் திறக்கவே விடுவதில்லை. முள் கேஜில் 5 மில்லிபார் கண்ணுக்கே தெரியாது. வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், உள்ளே உள்ள அழுத்தத்தையே காட்டும் டிஜிட்டல் கேஜ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முள் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும் என்பதால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கோயம்புத்தூரில், நல்ல பம்ப்கூடச் சென்னையில் காட்டும் எண்ணைக் காட்டாது. அதைப் பார்த்துப் பம்பைப் பழுதுபார்க்க அனுப்பியவர்களும் உண்டு.

கசிவைத் தேடும்போது முதலில் பையின் மடிப்புகள், பையை மோல்டோடு ஒட்டும் சீலன்ட் டேப்பில் வந்து சேரும் இடங்களைப் பாருங்கள். மடிப்பின் உட்புறத்தில், இரு பக்கமும் டேப் சந்திக்கும் முனையில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தியதும் சீறல் நின்றால் அதுதான் இடம். அடுத்தது, டேப்பின் அடியில் குறுக்கே கிடக்கும் ஒற்றை இழை. துணியை வெட்டும்போது உதிர்ந்த ஒரு நூல் மோல்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலே, அதன் நார்களுக்கு இடையில் காற்று உள்ளே வரும். ஆகவே, துணியை அடுக்கும் முன்பே விளிம்பில் டேப்பை ஒட்டி, அதன் மேல்தாளை உரிக்காமல் வைத்திருங்கள். உதிரும் நூல்கள் தாளின் மேல்தான் விழும்.

மெஷை வேக்கம் லைன் வரை இழுத்துவிடுவது

ரெசின் எளிய வழியைத்தான் தேடும். ரெசினைப் பரப்பத் துணியின் மேல் விரிக்கும் வலையான மெஷ், காற்றை உறிஞ்சும் குழாயான வேக்கம் லைனைத் தொட்டால், ரெசின் மேற்பரப்பிலேயே ஓடிக் குழாயை அடைந்துவிடும். அடியில் உள்ள அடுக்குகள் உலர்ந்தே கிடக்கும். நாலைந்து சென்டிமீட்டர் முன்பாகவே மெஷை நிறுத்துங்கள். ரெசின் கடக்க வேண்டிய தொலைவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும் என்பதையும் லைன்களைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள். ரெசின் இறுகத் தொடங்கும் ஜெல் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

பையை இழுத்து விரிப்பது

உள்மூலைகளில் பை அந்தரத்தில் நின்றுவிடும். அங்கெல்லாம் ரெசின் மட்டுமே தேங்கும். தாராளமாக மடிப்பு விடுங்கள்.

பாலியஸ்டர், வினைல் எஸ்டருக்கு முழு வெற்றிடம்

இந்த இருவகை ரெசின்களிலும் கலந்துள்ள ஸ்டைரீன் என்ற திரவம், நம் ஊர் வெப்பத்தில் 10 மில்லிபாரை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். கசிவைச் சோதிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் இழுங்கள். ரெசின் நிறைந்தபின் சற்றுத் தளர்த்துங்கள்.

கலந்த ரெசினை வாளியில் சேர்த்து வைப்பது

சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

மின்வெட்டுக்கு ஏற்பாடு செய்யாதது

ஜெல் ஆகும்வரை, நாமாகத் தளர்த்தியதற்கு மேல் வெற்றிடம் குறையக் கூடாது. பம்புக்கும், மிஞ்சி வரும் ரெசினைப் பிடிக்கும் கேட்ச் பாட்டுக்கும் இடையில், காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் போட்டு, கூடவே காலி டேங்க் ஒன்றையும் இணைத்து வையுங்கள். டிராப் டெஸ்டில் தேறிய பையாக இருந்தால், மின்சாரம் திரும்பும்வரை அந்த டேங்க் தாங்கும். தேறாத பைக்கு எவ்வளவு பெரிய டேங்கும் போதாது.