நம் மலைக்கு எந்த காம்பஸ்? வாங்குவது, சோதிப்பது, பையில் கூடவே வைப்பது

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர்கூடத் தெரியமாட்டார். போனில் டவர் இருக்காது. சோலைக்குள் மர அடர்த்தியில் ஜிபிஎஸ் புள்ளி அங்கும் இங்கும் தாவும். அந்த நேரத்துக்குத்தான் காம்பஸ். ஆனால் எதை வாங்குவது என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க, ஐரோப்பியப் பட்டியல்கள். அவற்றில் பல பொருட்கள் நம் காட்டுக்குத் தேவையில்லாதவை, சில சட்டப்படியே கூடாதவை. காம்பஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே நன்றாக வேலை செய்யும் அதே காம்பஸ் இங்கே தடுமாறலாம். அதை நானே பார்த்தபிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பை, ஷூ, தண்ணீர் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியும் கூட வருவார். வழிகாட்டி இருக்கும்போது காம்பஸ் எதற்கு என்று கேட்கலாம். அடிபடுவது அவராகவும் இருக்கலாம், கூட்டத்திலிருந்து பிரிவது நீங்களாகவும் இருக்கலாம்.

படி 1: எந்த வகை?

பேஸ்பிளேட் காம்பஸ். அடியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் சுழற்றக்கூடிய வட்டம், வட்டத்துக்குள் திரவத்தில் மிதக்கும் முள். வரைபடத்தின் மேலேயே வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பலம். சாவிக்கொத்தில் தொங்குவது, வாட்ச் பட்டையில் செருகுவது, பித்தளையில் பழங்கால அழகோடு வருவது எதுவும் வேண்டாம். ‘ராணுவ காம்பஸ்’ என்று பச்சை நிறத்தில் மலிவாக விற்பதையும் தவிர்த்துவிடுங்கள். கனம் அதிகம், வரைபடத்தோடு வைத்துப் பயன்படுத்துவதும் கஷ்டம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வட்டத்தில் 2 டிகிரிக்கு ஒரு கோடு, கழுத்தில் மாட்டக் கயிறு, தகட்டின் ஓரத்தில் 1:50,000 அளவுகோல். இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவற்றில் 1:24,000 அளவுகோல் இருக்கும். நம் சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள் 1:50,000. அதாவது வரைபடத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. அளவுகோல் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு தடவையும் மனக்கணக்கு போட வேண்டிவரும். களைத்துப்போன நேரத்தில் அது வேண்டாத வேலை.

காந்த விலக்கத்தைத் திருத்தும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் சுமார் 1 முதல் 2 டிகிரிதான். 1 டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் நடந்தபிறகு 17 மீட்டர் போல விலகியிருப்போம். கையில் பிடித்து நடக்கும்போது வரும் பிழையே அதைவிட அதிகம். மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மாடலும் புதியவர்களுக்கு அவசியமில்லை. என் விருப்பம் சில்வா அல்லது சுன்டோவின் எளிய பேஸ்பிளேட் மாடல். ஆனால் அடுத்த படியைப் படிக்காமல் ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

படி 2: முள் எந்த ஊருக்குச் சமன் செய்யப்பட்டது?

இணையத்தில் வாங்கிய வெளிநாட்டு காம்பஸ் ஒன்றை வீட்டு மேசையில் சமமாக வைத்தேன். முள்ளின் தென்முனை தாழ்ந்து அடித்தளத்தில் உரசிக்கொண்டிருந்தது. தட்டினால் கொஞ்சம் நகரும், மறுபடி நின்றுவிடும். நின்ற இடமும் ஒவ்வொரு தடவையும் வேறு. பழுதான பொருள் என்று நினைத்து மாற்றி வாங்கினால் அதுவும் அப்படியே.

காரணம் பழுது இல்லை. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் போவது காந்த நடுக்கோட்டின் அருகில் மட்டும்தான். வடக்கே போகப்போக அது தரையை நோக்கிச் சரியும். அதனால் ஐரோப்பாவில் முள்ளின் வடமுனை கீழே இழுபடும். அதைச் சரிக்கட்ட, அங்கே விற்கும் காம்பஸ்களில் முள்ளின் தென்பாதியில் எடையைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறார்கள். காந்த நடுக்கோடோ இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது. ஆக, அகத்தியமலையிலோ மேகமலையிலோ வடமுனையைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய இல்லை. தென்பாதியின் கூடுதல் எடை மட்டும் மிஞ்சுகிறது. முள் அந்தப் பக்கம் சாய்ந்து தரைதட்டுகிறது.

எனவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். ‘குளோபல்’ என்று குறிப்பிட்ட முள் உள்ளதை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கை லேசாகச் சாய்ந்தாலும் முள் சுழலும். அல்லது விற்பவரிடம் எந்த மண்டலத்துக்குச் சமன் செய்தது என்று கேட்டு, நம் பகுதிக்கானதை வாங்குங்கள். பெட்டியிலோ காம்பஸின் பின்புறத்திலோ மண்டலக் குறி இருக்கும். வடதுருவப் பக்கத்து மண்டலம் என்றால் தென்தமிழ்நாட்டுக்கு ஒத்துவராது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்பவர்கள் இதை முக்கியமாகச் சொல்லி அனுப்புங்கள்.

படி 3: வந்ததும் சோதனை

மரமேசை, பக்கத்தில் போன், லேப்டாப், இரும்பு எதுவும் கூடாது. முள் நின்றதும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாவியைக் கிட்டே கொண்டுபோய் முள்ளைத் திருப்பிவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். முள் பழைய இடத்துக்கே வர வேண்டும். நாலைந்து முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் 2 டிகிரிக்கு மேல் மாறினால் திருப்பி அனுப்பிவிடலாம். திரவத்தில் கடுகளவு குமிழி இருந்தால் பரவாயில்லை. முள்ளைத் தடுக்கும் அளவு பெரிய குமிழி என்றால் வேண்டாம்.

படி 4: வரைபடத்திலிருந்து திசை எடுப்பது

சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் உங்கள் பகுதியின் 1:50,000 வரைபடத்தை எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்குள் அடக்கு’ என்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவு மாறிவிடும்.

நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் தகட்டின் நீள ஓரத்தால் இணையுங்கள். தகட்டிலுள்ள பயண அம்பு போகும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து வட்டத்தைச் சுழற்றி, அதன் உள்ளே இருக்கும் கோடுகளை வரைபடத்தின் வடக்கு-தெற்குக் கோடுகளோடு இணையாக்குங்கள், வடக்கைக் குறிக்கும் ‘N’ எழுத்து வரைபடத்தின் மேல்பக்கம் இருக்கும்படி. இதுவரை முள்ளைப் பார்க்கவே கூடாது. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். முள் எங்கோ காட்டுகிறதே என்று வட்டத்தை அதற்கேற்பத் திருப்பிவிடுவார்கள், கணக்கு கெட்டுவிடும்.

இப்போது காம்பஸை எடுத்து நெஞ்சுக்கு நேரே சமமாகப் பிடியுங்கள். வட்டத்தைத் தொடாமல், உங்கள் உடம்பைத் திருப்புங்கள். சிவப்பு முள் வட்டத்துக்குள் வரைந்த சிவப்பு அம்புக்குள் வந்து உட்கார்ந்ததும், பயண அம்பு காட்டுவதுதான் உங்கள் வழி. அந்த நேர்க்கோட்டில் தெரியும் ஒரு பாறையையோ மரத்தையோ குறிவைத்து அதுவரை நடங்கள். பிறகு மறுபடி பாருங்கள். வந்த வழியே திரும்ப வேண்டுமானால் சிவப்பு முள்ளுக்குப் பதில் அதன் மறுமுனையைச் சிவப்பு அம்புக்குள் வையுங்கள், போதும்.

மலைக்குப் போகுமுன் ஏதாவது பெரிய மைதானத்தில் இதைப் பழகிவிடுங்கள். பனிக்குள் நின்று கற்றுக்கொள்ள முடியாது.

மற்ற பொருட்கள்

விசில்: உள்ளே உருண்டை இல்லாதது. நனைந்தாலும் ஒலிக்கும். நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது பல நாடுகளின் மலைகளில் ஆபத்துக்கான அடையாளம். பையின் உள்ளே வைக்காமல் தோள்பட்டையில் கட்டுங்கள். யானை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஊதாதீர்கள்.

ஹெட்லாம்ப்: பேட்டரி மாற்றக்கூடியதையே விரும்புகிறேன், சார்ஜ் மட்டும் ஏற்றக்கூடியது இரவில் அணைந்தால் வழியே இல்லை. வெள்ளியங்கிரி ஏழாவது மலையில் கோடையிலேயே காற்று உடம்பை நடுக்கும், அதனால் மழைக்கோட்டும் வெள்ளி நிற அவசரப் போர்வையும் எந்த மாதமானாலும் பையில் இருக்கட்டும். ஓஆர்எஸ், கிரேப் பேண்டேஜ், அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க நீள சாக்ஸ்.

பாம்புக்கடிக்கு என்று விற்கும் உறிஞ்சும் கருவிகளை வாங்கவே வாங்காதீர்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கெடுதல்தான் செய்யும். கடித்த கை காலை அசைக்காமல் கட்டை வைத்துத் தாங்கி, நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொண்டுபோக வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டியல்களில் தவறாமல் வரும் இரண்டு பொருட்களை விட்டுவிடுங்கள். ஒன்று, தீ மூட்டும் கருவி. நம் காட்டில் தீ மூட்டக் கூடாது, குரங்கணிக்குப் பிறகு அதற்கு விளக்கம் தேவையில்லை. இன்னொன்று, டவர் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சர், சாட்டிலைட் போன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இவற்றை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

பிற்சேர்க்கை: கருத்துப்பெட்டியில் ஒருவர் தன் காம்பஸ் தெற்கை வடக்கு என்று காட்டுவதாக எழுதியிருந்தார். போனோடு ஒரே பாக்கெட்டில் வைத்திருக்கிறார். போன் ஸ்பீக்கரிலும் கவரிலும் உள்ள காந்தம் முள்ளின் துருவத்தையே மாற்றிவிடும். இரண்டையும் வேறு வேறு பக்கம் வையுங்கள். கிளம்பும் நாளில் காலைச் சூரியனை வைத்து முள்ளை ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று: சேலம் கஞ்சமலையில் முள் நிலையாக நிற்கவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்த மலை இரும்புத் தாது நிறைந்தது. அங்கே பாறையின் மேல் காம்பஸை வைக்காமல் நின்றபடி பாருங்கள், சில அடி தள்ளிப்போய் மறுபடி பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் காம்பஸை நம்பாமல் வரைபடத்திலுள்ள முகடுகளையும் ஓடைகளையும் வைத்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

மூன்றாவது: வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் மலைகளில் வேண்டாம். ஓடை அருவியாக விழும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், மழை பெய்தால் சட்டென்று வெள்ளம் வரும், விலங்குகள் தண்ணீருக்கு வருவதும் அங்கேதான். நின்ற இடத்திலேயே பாதுகாப்பாக உட்கார்ந்து விசில் ஊதுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் 112 போக வாய்ப்பு உண்டு, முயன்று பாருங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதைத் தாண்டினால் எந்த வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.