விலை கூடிய சாணைக் கருவிக்கு மாறலாமா? பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

கத்தியைக் கவ்வியில் பிடித்து, கம்பியில் மாட்டிய கல்லை ஒரே கோணத்தில் ஓட்டும் சாணைக் கருவிகள் பல விலைகளில் கிடைக்கின்றன. 17, 20, 25, 30 டிகிரி என்று நான்கு துளைகள் வைத்த லான்ஸ்கி, திருகைத் திருப்பி 15 முதல் 30 டிகிரி வரை மாற்றிக்கொள்ளும் வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட் போன்றவை குறைந்த விலைப் பக்கம். விக்கெட் எட்ஜ், டிஎஸ்புரோஃப் என்று மேலே போனால் விலை பல மடங்கு ஏறிவிடும்.

சின்னக் கருவி வைத்திருந்த நானும் ஒரு கட்டத்தில் பெரியதை வாங்க முடிவு செய்துவிட்டேன். தக்காளித் தோலில் கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. வாங்குவதற்கு முன் ஒரு மாதம் பழைய கருவியிலேயே ஒழுங்காக உழைத்துப் பார்த்தபோதுதான், நான் தேய்த்த கல் பாதி நேரம் கூர் முனையைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. அந்த மாதத்தில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

1. கத்திகளை எண்ணுங்கள்

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். அரிவாள்மனை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வளைந்த அலகும் மரப்பலகையுமாக இருக்கும் அதை இந்தக் கவ்விகள் பிடிக்காது. அதற்குக் கைக்கல்லோ சாணை பிடிப்பவரோதான். பல் வைத்த ரொட்டிக் கத்தியும் வேண்டாம். மீதி மூன்று நான்கு கத்திதான் என்றால், அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

2. மை பூசிப் பாருங்கள்

கூர் முனையை ஒட்டி இரண்டு பக்கமும் தெரியும் மினுக்கமான சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். கத்தியைக் கவ்வியில் மாட்டி, நடுத்தரக் கல்லால் நாலைந்து முறை மட்டும் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் பாருங்கள்.

சரிவு முழுவதும் மை போயிருந்தால் கோணம் சரி. மேல் பக்கம் மட்டும் போய், முனையில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சியிருந்தால் கோணம் குறைவு. முனையில் மட்டும் போயிருந்தால் கோணம் அதிகம். நுனியில் மட்டும் மை மாறிப் போகிறதா? கவ்வியின் இடத்தை மாற்றுங்கள். கவ்வி கைப்பிடிப் பக்கம் அதிகம் போனால் நுனி வளைவில் கோணம் குறைந்துவிடும். நுனிக்கு மிகவும் அருகில் வந்தால் கூடிவிடும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

கவ்வியை நன்றாக இறுக்குங்கள். ஒரு முறை எனக்கு அலகு நழுவி, பக்கவாட்டில் நீளமாகக் கீறல் விழுந்தது. அதிலிருந்து, கவ்வி படும் இடத்தில் காகித டேப் ஒட்டாமல் மாட்டுவதில்லை.

3. பிசிறு வரும்வரை நிறுத்தாதீர்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால், முனை தேய்ந்து மறு பக்கம் மெல்லிய இரும்புப் பிசிறாக மடங்கும். கட்டைவிரலை அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கி, முனைக்குக் குறுக்காக, மெதுவாக வெளியே நகர்த்தினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும். முனையின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டாதீர்கள், வெட்டிவிடும்.

அடி முதல் நுனி வரை இந்தப் பிசிறு தொடர்ச்சியாக வர வேண்டும். இத்தனை முறை தேய்க்க வேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள். மழுங்கிய கத்திக்கு 220 கிரிட் கல்லிலேயே (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் நுண்ணியது) கால்மணி நேரம் ஆகலாம். பிசிறு வந்ததும் கத்தியைத் திருப்பி, மறு பக்கமும் அப்படியே. பிறகு 600, 1000 என்று நுண்ணிய கல்லுக்குப் போகலாம். பிசிறு வராமல் அடுத்த கல்லுக்குப் போனால், அது மழுங்கல் முனைக்குப் பாலீஷ் போடுகிற வேலைதான்.

4. பிசிறை எடுத்து, சோதியுங்கள்

கடைசிக் கல்லில் அழுத்தமே இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்து முறை. அப்புறம் பச்சை குரோமியம் ஆக்சைடு பூசிய தோல் பட்டையில், முனை பின்னால் வரும்படி இழுங்கள். செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டுங்கள். எங்கே கிழிகிறதோ அங்கே பிசிறு மிச்சம். பிறகு தக்காளி. கத்தியின் எடையிலேயே தோல் விட வேண்டும். சமையல் வேலைக்கு 1000 கிரிட்டுக்கு மேல் போகத் தேவையில்லை என்பது என் அனுபவம். கொஞ்சம் சொரசொரப்பான முனைதான் தக்காளித் தோலை நன்றாகக் கவ்வுகிறது.

5. கருவியின் உண்மையான குறையை அளந்து பாருங்கள்

இப்போதுதான் கருவியின் முறை. கவ்வி வகைக் கருவிகளில் கோணம் துளையின் எண்ணை மட்டும் பொறுத்ததில்லை. கம்பி நுழையும் துளை கத்தியின் மட்டத்திலிருந்து 5 செ.மீ. உயரத்திலும், முனை அங்கிருந்து கிடைமட்டமாக 15 செ.மீ. தூரத்திலும் இருந்தால் கோணம் ஏறக்குறைய 18 டிகிரி. அகலமான கத்தியைப் போட்டு முனை 17 செ.மீ. தூரம் போய்விட்டால் அதே துளையில் 16 டிகிரிதான் வரும். அகலம் குறைந்து 13 செ.மீ. ஆனால் 21 டிகிரி. ஒவ்வொரு முறையும் அதே கத்தியை அதே இடத்தில் மாட்டாவிட்டால் புதிய கோணத்தை மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டிவரும். நேரமும் போகும், இரும்பும் போகும்.

இதற்கு மருந்து மலிவுதான். ஒவ்வொரு கத்திக்கும் எந்தத் துளை, கவ்வி அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அலகு எவ்வளவு வெளியே நீட்டியிருந்தது என்று குறித்து வையுங்கள். அதோடு எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை நாளில் மறுபடி மழுங்கியது என்பதையும் எழுதுங்கள். இரண்டே நாளில் மழுங்கினால் வெட்டும் பலகையைப் பாருங்கள். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கருவியில் பிடித்த கூரும் நிற்காது.

6. சின்னச் செலவுகளை முதலில் செய்யுங்கள்

கருவியோடு வந்த கல் மெதுவாகத் தின்கிறது என்றால், அதே கம்பியில் பொருந்தும் வைரத் தகடு வாங்கலாம். தோல் பட்டை இல்லையென்றால் அது அடுத்தது. காந்தத்தில் ஒட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்று இருந்தால் முன்பு சொன்ன கணக்கெல்லாம் ஒரே நொடி வேலை. இந்த மூன்றும் சேர்ந்தாலும் பெரிய கருவியின் விலையில் சிறு பகுதிதான்.

7. இனி முடிவு செய்யுங்கள்

தாளை எடுங்கள். மூன்று நான்கு கத்தி, தக்காளி வழுக்கவில்லை, ஒரு கத்திக்கு இருபது நிமிடம் என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

நீளமான அலகு கவ்வியில் ஆடுகிறது, கம்பி வளைகிறது, கடினமான ஜப்பானியக் கத்திகளுக்கு 15 டிகிரிக்கும் கீழே இறங்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து வாரம் பத்துக் கத்தி பிடிக்கிறீர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். விக்கெட் எட்ஜில் கத்தி நிமிர்ந்து நிற்க, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்க்கலாம். டிஎஸ்புரோஃபில் கவ்வியோடு கத்தியைச் சுழற்றித் திருப்பலாம், கழற்றி மாட்ட வேண்டாம். எட்ஜ் புரோ என்ற இன்னொரு கருவியில் கவ்வியே இல்லை. மேடையில் வைத்துக் கையால் பிடிக்க வேண்டும். எது உங்கள் கைக்கு வரும் என்று யோசித்து வாங்குங்கள்.

வந்ததும் நல்ல கத்தியில் ஆரம்பிக்காதீர்கள். புது வைரத் தகடு முதல் சில கத்திகளில் ஆழமாகக் கீறும். பழைய கத்தி ஒன்றை எடுத்து, மை பூசி, இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.