ஐந்து பேர் போதும்: ஈவ் ஆன்லைனில் சிறு படை நடத்தும் விதம்

சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கியதும் விண்வெளிக்குக் கிளம்பிவிடுவேன். கூட வருபவர்கள் நாலு பேர்: செம்பனை லாரி ஓட்டும் மச்சான், தைப்பிங்கில் தாதியாக இருக்கும் மாமா மகள், எஸ்டேட் ஆபீஸில் கிராணியாக இருக்கும் சித்தப்பா மகன், அவனுடைய பள்ளித் தோழன்.

நாங்கள் ஆடுவது ஈவ் ஆன்லைன். 2003-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் வெளியிட்ட, விண்கப்பல் ஓட்டிச் சண்டை போடும் இணைய விளையாட்டு. 2016-இலிருந்து 'ஆல்ஃபா' கணக்கில் காசு கட்டாமலே ஆடலாம். ஆனால் கப்பல் வெடித்தால் போனது போனதுதான், வேறு வாங்க வேண்டும். அதனால்தான் இதில் கை நடுங்குகிறது.

முதல் சண்டையில் நாங்கள் ஐந்து பேர், எதிரிகள் மூன்று பேர். ஐந்து கப்பலையும் இழந்தோம். ஆளாளுக்குக் கண்ணில் பட்டவனைச் சுட்டோம். அவர்களில் ஒருவன் சுடவே இல்லை, மற்ற இருவரையும் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தான். நாங்கள் சிதறடித்த அடியெல்லாம் சல்லடையில் ஊற்றிய தண்ணீர். நடுவில் மச்சான் வீட்டு குக்கர் வேறு மூன்று விசில் அடித்தது. "வார்ப் பண்ணு" (அதிவேகத்தில் பறந்து தப்பு) என்று நான் கத்தியது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அன்றிலிருந்து எல்லாருக்கும் மைக் ஒரு பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில் இதை அமைக்க அரை நிமிடம்கூட ஆகாது. முதலில் அதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது பெரட்டு. தாத்தா பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்னே எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டுமாம். தண்டல் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பார். கப்பல் கிளம்புமுன் நாங்களும் அதையேதான் செய்கிறோம். ஐந்து பேர் என்றால் இரண்டு பேர் சுடுவதற்கு, ஒருவர் எதிரியைப் பிடித்து வைப்பதற்கு (இதை டேக்கிள் என்பார்கள்), ஒருவர் பழுதுபார்ப்பதற்கு (லாஜி), ஒருவர் ஒரு கேட் (அடுத்த நட்சத்திர மண்டலத்துக்குத் தாவும் வாசல்) தாண்டி முன்னால் போய் வேவு பார்ப்பதற்கு. எல்லாரும் சுடத்தான் ஆசைப்படுவார்கள். விடாதீர்கள்.

வேவு பார்ப்பவர் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எங்கே, எத்தனை பேர், என்ன கப்பல். "ஐயோ, வந்துட்டானுங்க!" என்பது தகவல் இல்லை. எங்கள் கிராணித் தம்பிக்கு இதைப் பழக்க ஒரு மாதம் ஆனது.

டேக்கிள்தான் எனக்குப் பிடித்த வேலை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிரி வார்ப் பண்ணித் தப்பாமல் தடுக்க இரண்டு கருவிகள் உண்டு. டிஸ்ரப்டர் தூரத்திலிருந்தே பிடிக்கும், இரண்டாம் தர வகைக்கு 24 கிலோமீட்டர் எட்டும். ஸ்கிராம்ப்ளர் 9 கிலோமீட்டர்தான் எட்டும், ஆனால் எதிரியின் வேகத்தை ஏற்றும் மைக்ரோவார்ப்டிரைவையும் சேர்த்து அணைத்துவிடும். புதியவர்கள் 'அப்ரோச்' பட்டனை அழுத்தி நேர்கோட்டில் பாய்வார்கள். அது தற்கொலை. எதிரி பீரங்கி உங்களைத் தொடர்ந்து திரும்ப வேண்டிய வேகம் எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு அடி தவறும். நேராகப் போனால் அவன் பீரங்கியைத் திருப்பவே வேண்டாம். அதனால் எதிரிக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், வெறும் வெளியில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். கப்பல் அந்தத் திசைக்குத் திரும்பும். நெருங்க நெருங்க மறுபடி கிளிக் செய்து, நத்தை ஓடு மாதிரி சுருளாக உள்ளே போங்கள். எட்டும் தூரம் வந்ததும் ஆர்பிட், அதாவது எதிரியைச் சுற்றி வட்டமடிப்பது. பிடித்தவுடன் "பாயிண்ட்" என்ற சொல்லும் எதிரி கப்பலின் பேரும், அவ்வளவுதான் மைக்கில் வர வேண்டும்.

அதன் பிறகு இலக்கு. ஒருவர்தான் பேர் சொல்ல வேண்டும், எங்களில் அது நான். எப்போதும் இரண்டு பெயர் சொல்வேன்: முதலில் சுட வேண்டியவன், அடுத்தவன். முதலாமவன் சாகும்போதே இரண்டாமவனை லாக் செய்து (குறி பூட்டி) வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாக் ஆகும்வரை பீரங்கி சும்மா கிடக்கும், அந்த இடைவெளியில் அவர்கள் லாஜி மூச்சு வாங்கிக்கொள்வான். யாரை முதலில் அடிப்பது என்று பெரிய பெரிய விவாதமெல்லாம் நடக்கும். என் கணக்கு எளிது: எட்டும் தூரத்தில் இருந்தால் லாஜி, இல்லாவிட்டால் பலமாக அடித்தும் உடம்பு மெலிந்தவன். தப்பான இலக்கை எல்லாரும் சேர்ந்து அடிப்பது, சரியான இலக்கை ஒருவர் மட்டும் அடிப்பதைவிட மேல்.

லாஜி எங்கள் தாதி. வேறு யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. சண்டைக்கு முன்பே எங்கள் எல்லாரையும் லாக் செய்து வைத்திருப்பாள். ஓவர்வியூவில் (சுற்றியுள்ள கப்பல்களின் பட்டியல்) எதிரியைச் சுற்றி மஞ்சள் கட்டம் வந்தால் அவன் உங்களை லாக் செய்கிறான், சிவப்பானால் அடிக்கிறான். மஞ்சளிலேயே உதவி கேளுங்கள். அதற்கு ஃப்ளீட் பிராட்காஸ்ட் பட்டன் இருக்கிறது, வாய் வேண்டாம். ஷீல்டுக்கு (வெளிக் கவசம்) தரும் உதவி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலேயே சேர்ந்துவிடும், ஆர்மருக்கு (அதற்குள் இருக்கும் தகடு) தருவது சுற்று முடியும்போதுதான் சேரும். ஆர்மர் கப்பலில் இருந்துகொண்டு கடைசி நொடியில் "காப்பாத்து" என்றால் அவள் என்ன செய்வாள்? ஒருநாள் மச்சான் அப்படிக் கேட்டார். "வார்டில் இப்படி வந்தா பேர் மட்டும்தான் எழுதிக்குவோம், மாமா" என்றாள்.

தப்பிப்பதும் வேலையில் சேர்த்தி. வார்ப் ஆக, போகும் திசையில் உச்ச வேகத்தில் 75 சதவீதத்தைக் கப்பல் தொட வேண்டும். அதனால் சுடுகிறவர்கள் எப்போதும் ஒரு கோளை நோக்கி அலைன் ஆகியே (அந்தத் திசையில் ஓடிக்கொண்டே) இருக்கட்டும், சொன்ன நொடியே பறக்கலாம். கேட் வழியாக ஓடுவேன் என்று கனவு காணாதீர்கள். கடைசியாக அடித்ததிலிருந்து 60 நொடிக்குக் கேட் உங்களை விடாது.

லைன் மெதுவாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இந்த விளையாட்டின் சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறது, விரல் வேகம் இரண்டாம் பட்சம். மின்னல் வெட்டினால் மட்டும் மோடத்தைக் கழற்றிவிடுங்கள், கடைக்கு வரும் எரிந்த மோடங்களைப் பார்த்தவன் சொல்கிறேன். நம் மலேசிய நேரம் இரவு ஏழு மணிக்கு சர்வரைத் தினமும் சற்று நேரம் நிறுத்துவார்கள். சாமி விளக்கு ஏற்றிச் சாப்பிட்டு முடிக்கத் தோதான நேரம். ஐரோப்பியக் கூட்டம் நிரம்புவது நமக்கு நள்ளிரவு தாண்டித்தான், அதனால் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை சிறு படைக்கு ஏற்ற வேளை.

இன்னொன்று, சரக்கு. 2014 ஜனவரியில் இந்த விளையாட்டில் 75 டைட்டன்கள் (மிகப் பெரிய கப்பல்கள்) அழிந்த மாபெரும் போர் நடந்தது. அது மூண்டதே ஒரு நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் போனதால்தான். எங்கள் படையில் அந்தப் பொறுப்பு கிராணித் தம்பிக்கு. ஆளுக்கு மூன்று கப்பல், ஒரே மாதிரி பூட்டிய கருவிகளோடு, ஸ்டேஷனில் தயாராக நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததில் ஏறிப் பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். மூன்றும் போய்விட்டால் அன்றைக்கு ஆட்டம் சரி, மாமாக் கடையில் ரொட்டி சானாய். அன்று கடைசியாக வெடித்தவர் காசு கட்டுவார், பெரும்பாலும் மச்சான்.