என்னை நானே திட்டிக்கொள்வதிலிருந்து வெளியே வந்தது

இரவு படுத்ததும் அன்று பேசியது, செய்தது எல்லாவற்றுக்கும் என்னை நானே திட்டிக்கொள்ளும் பழக்கம் பல வருடங்களாக இருந்தது. எண்ணத்தை மாற்றி யோசிக்கச் சொன்னார்கள், யோசித்தேன். நியாயம் புரிந்தது, நெஞ்சு இறுக்கம் மட்டும் அப்படியே.

கடைசியில் கைகொடுத்தது கருணையை மையமாகக் கொண்ட சிகிச்சை. பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கியது. ஆபத்தைக் கண்டு பதறுவது, ஒன்றை அடையத் துரத்துவது, ஆறுதலடைந்து அமைதியாவது என்று நம் உணர்ச்சிகளை அவர் மூன்று அமைப்புகளாகப் பார்க்கிறார். நம்மை நாமே திட்டும்போதும் வெளியாள் மிரட்டினால் பதறுவது போலவே உடம்பு பதறுகிறது, அதனால் மனசோடு வாதாடினால் மட்டும் போதாது, மூன்றாவதான ஆறுதல் அமைப்பையும் எழுப்ப வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் தளர்த்தி, வெளிவிடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டுவேன். அப்புறம் "இப்படிச் சொதப்பிட்டியே" என்று மனசு சொல்வதற்குப் பதிலாக, நெருங்கிய தோழியிடம் பேசும் குரலில் "கஷ்டமாத்தான் இருக்கு, அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்பேன். சொற்களைவிடக் குரல்தான் முக்கியம், இதை அழுத்திச் சொல்கிறேன். ஆரம்பத்தில் அந்தக் கனிவே பயமாக இருந்தது, அழுகை வந்தது. பலருக்கும் இப்படி ஆகும் என்று சிகிச்சையாளர் சொன்னதால்தான் தொடர்ந்தேன்.

கூடவே, ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய 8 வார மனக்கவனப் பயிற்சி முறை: எண்ணம் வந்தால் 'திட்டு வருகிறது' என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புவது. திட்டு இப்போதும் வருகிறது, வந்ததுமே தெரிந்துவிடுகிறது, தூக்கம் கெடுவதில்லை.

பழைய அதிர்ச்சிகள் ஆழமாக இருப்பவர்கள் தனியாக ஆரம்பிக்காமல் சிகிச்சையாளர் துணையோடு செய்யுங்கள்.