ஊசிக் காய்ச்சலா, ஊர்க் காய்ச்சலா?

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போவதென்றால் டிக்கெட்டை ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்துவிடுவோம். யாருக்கு என்ன வாங்குவது என்று பட்டியலும் தயாராகிவிடும். பயணத்துக்கான தடுப்பூசி மட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். ஒருமுறை விமானம் ஏறுவதற்கு முதல் நாள் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு, தூக்க முடியாத கையோடு மூன்று பெட்டிகளை இழுத்துப் போனேன்.

கைவலியாவது பரவாயில்லை. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் தொற்று), டெட்டனஸ் ஊசிகளுக்குப் பிறகு போட்ட இடத்தில் வலி, வீக்கம், கொஞ்சம் அசதி, தலைவலி, லேசான காய்ச்சல் எல்லாம் வழக்கம்தான். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ தொடங்கி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதிகம் புழங்காத கையில் போடச் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்திருக்காதீர்கள், மெல்ல அசைத்தால்தான் இறுக்கம் விடும். குளிர்ந்த ஈரத்துணியும் உதவும்.

பாராசிட்டமாலை முன்கூட்டியே விழுங்க வேண்டாம், காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. வட அமெரிக்காவில் இதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். சளி மாத்திரைகள் பலவற்றிலும் இது ஒளிந்திருக்கும், அதனால் அட்டையைப் படித்துவிட்டு விழுங்குங்கள். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. அவர்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாமல் இருங்கள். சிலருக்கு, குறிப்பாகப் பதின்ம வயதினருக்கு, மயக்கம் வரும். மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம்: உடம்பெல்லாம் தடிப்பு, முகமும் தொண்டையும் வீங்குவது, மூச்சுத்திணறல். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி கொஞ்சம் வேறு மாதிரி. உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி அதில் இருப்பதால், காய்ச்சலும் தடிப்பும் 6 முதல் 12 நாள் கழித்து வரக்கூடும். ஊசி போட்ட மூன்றாம் நாள் விமானம் ஏறினால், காய்ச்சல் ஊரில் வைத்துத்தான் அடிக்கும். கொசு கடித்து 4 முதல் 10 நாளில் டெங்குவும் இதே காய்ச்சலோடும் தடிப்போடும் வரும். ஊசிக்கு வந்த காய்ச்சல்தானே என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு படுத்துவிட்டால் ஆபத்து. எந்த ஊசி, எந்தத் தேதி என்று மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். டைபாய்டு ஊசியைப் பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், எம்எம்ஆர் போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் அவர்களுக்கு ஒத்துவராது.

தடுப்பூசி அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெபடைடிஸ் ஏ ஊசிக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது தவணை உண்டு. அதற்குள் நாம் ஊரிலிருந்து திரும்பிப் பெட்டியைப் பரணில் ஏற்றியிருப்போம், அதனால் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.