"ஆபரண்ட் தப்பு"ன்னு மட்டும் சொன்னா பத்துமா? நம்ம அசெம்பிளருக்கு நல்ல எரர் மெசேஜ் எழுதுறது

சொந்தமா ஒரு குட்டி அசெம்பிளரோ கம்பைலரோ எழுதிப் பாக்குறவங்களுக்கு இந்தப் பதிவு. மெஷின் கோடு உருவாக்குற பகுதிய ஆசை ஆசையா எழுதுவோம், எரர் வர்ற இடத்துல மட்டும் "ஆபரண்ட் தப்பு"ன்னு (ஆபரண்ட்னா இன்ஸ்ட்ரக்ஷனுக்குக் குடுக்குற ரெஜிஸ்டர், நம்பர் மாதிரி விஷயம்) ஒத்த வரி பிரிண்ட் பண்ணிட்டு எக்ஸிட் போட்டுருவோம். நானும் அப்படித்தான் பண்ணேன், ரெண்டு மாசம் கழிச்சு என் டூலே அந்த வரிய எனக்குக் காட்டுது, அரை மணி நேரம் பேந்தப் பேந்த முழிச்சேன்.

ரிஸ்க்-ஃபைவ்ங்குற ப்ராசஸர் இன்ஸ்ட்ரக்ஷன் செட்ட எடுத்துக்குவோம். ரெஜிஸ்டரோட நேரா ஒரு நம்பரக் கூட்டுற இன்ஸ்ட்ரக்‌ஷன்ல அந்த நம்பருக்கு 12 பிட்தான் இடம், அதாவது -2048 முதல் 2047 வரை. ஒருத்தர் அங்க 3000 போட்டுட்டாருன்னு வைங்க.

ஸ்டெப் 1: கோட சின்னச் சின்னத் துண்டா, அதாவது டோக்கனா, பிரிக்கிற லெக்ஸர்லயே ஒவ்வொரு டோக்கனோடவும் ஃபைல் பேரு, வரி நம்பர், வரியில எங்க ஆரம்பிக்குது, எவ்ளோ நீளம், எல்லாத்தையும் சேத்து வைங்க. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டீங்க, டோக்கன்களோட அமைப்பப் புரிஞ்சுக்குற பார்ஸர் தாண்டினதும் அந்தத் தகவல் போச்சு.

ஸ்டெப் 2: அந்த வரிய அப்படியே காட்டி, 3000க்கு நேர் கீழ கேரட் குறி (^) போடுங்க. ஜிசிசி கம்பைலரே 2013ல வந்த 4.8லதான் இத டீஃபால்ட்டா காட்ட ஆரம்பிச்சுது. வரியில டேப் இருந்தா கீழயும் அதே டேபையே பிரிண்ட் பண்ணணும், இல்லன்னா குறி தள்ளி நிக்கும். முன்னாடி தமிழ் ஸ்ட்ரிங் ஏதாச்சும் இருந்தா இன்னும் கூத்து, யூடிஎஃப்-8ல 'க' 3 பைட், 'கொ' 6 பைட், ஆனா கண்ணுக்கு ரெண்டுமே ஒரு எழுத்துதான், பைட்ட எண்ணிக் குறி போட்டா அது எங்கயோ போய் உக்காந்துரும்.

ஸ்டெப் 3, இதுதான் முக்கியம். ரேஞ்ச் செக் ஃபெயில் ஆகுற அந்த நிமிஷத்துல வந்த நம்பரு, கீழ் எல்லை, மேல் எல்லை எல்லாமே உங்க ஃபங்ஷன் கையிலதான் இருக்கு, அதப் போய் ஏன் தூக்கிப் போடணும்? இப்படி எழுதுங்க:

"வரி 12: 3000 இங்க அடங்காது, -2048 முதல் 2047 வரைதான். 3000ஐ வேற ரெஜிஸ்டர்ல லோட் பண்ணிட்டு, ரெண்டு ரெஜிஸ்டரையும் கூட்டுங்க."

அந்த 3000 மேல எங்கயோ கான்ஸ்டன்ட்டா டிஃபைன் பண்ணதுன்னா அந்த வரியையும் கூடவே காட்டுங்க, மேக்ரோவுக்குள்ள இருந்து வந்தாலும் அப்படித்தான், ஏன்னா திருத்த வேண்டிய இடம் அங்கதான் இருக்கும்.

ஸ்டெப் 4: லேபிள் (கோட்ல ஒரு இடத்துக்கு வைக்கிற பேரு) எழுதுறதுல எழுத்துப்பிழைன்னா லெவன்ஷ்டைன் தூரம் (ஒரு பேர இன்னொண்ணா ஆக்க எத்தன எழுத்த மாத்தணும், சேக்கணும், எடுக்கணும்ங்குறது) கணக்குப் போட்டு கிட்டத்துல இருக்குற பேரச் சொல்லுங்க. பேரோட நீளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வித்தியாசம் இருந்தா வாயத் திறக்காதீங்க, தப்பான யோசனைக்கு சும்மா இருக்குறதே மேல்.

கடைசியா, இல்லாத லேபிள் ஒண்ண 40 இடத்துல கூப்பிட்டிருந்தா 40 எரர் கொட்டும். முதல் தடவையே "சொல்லியாச்சு"ன்னு சிம்பல் டேபிள்ல (பேரயெல்லாம் சேத்து வைக்கிற பட்டியல்) ஒரு ஃப்ளாக் வச்சுட்டா மிச்சம் 39ம் வராது.