மொட்டை மாடி ஷெட்டுக்கு அலுமினியக் கூரை: எங்கே பொருந்தும், எப்படிப் போடுவது

பெசன்ட் நகரிலோ நாகப்பட்டினத்திலோ கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், இரும்புத் தகர ஷீட்டின் ஆயுள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உப்புக் காற்று முதலில் ஸ்க்ரூ ஓட்டையில் துரு ஏற்றும், அடுத்து வெட்டிய ஓரங்களில். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். கீறல் விழுந்தாலும் அது மறுபடி மூடிக்கொள்ளும். அலுமினியத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க முக்கியக் காரணம் இதுதான். சேலம், கரூர் மாதிரி உள் மாவட்டங்களில் நல்ல பூச்சுள்ள இரும்பு ஷீட்டே போதும். அங்கே அலுமினியத்துக்குச் செலவழிப்பது அவசியமில்லை.

படி 1: காந்தத்தோடு கடைக்குப் போங்கள்

"அலுமினியம் ஷீட்" என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் அலுமினியம் இல்லை. கால்வால்யூம் என்பது இரும்பு ஷீட். அதன் மேல் 55 சதவீதம் அலுமினியமும் 43.4 சதவீதம் துத்தநாகமும் மீதி சிலிக்கானும் கலந்த பூச்சு இருக்கும். நல்ல பொருள்தான், ஆனால் உள்ளே இரும்பு. காந்தம் ஒட்டினால் அலுமினிய விலை கொடுக்காதீர்கள்.

தடிப்பு 0.71 மி.மீ., அதாவது 22 கேஜ், எடுங்கள். 0.56 மி.மீ. ஷீட் விலை குறைவுதான். ஆனால் மேலே ஆள் ஏறினாலோ குரங்கு குதித்தாலோ பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தைத் திருப்பி எடுக்கவும் முடியாது. பில்லில் தடிப்பை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள்.

படி 2: அளவு

20 அடிக்கு 15 அடி இடத்தில் ஒரு பக்கச் சரிவு கூரை என்று வைத்துக்கொள்வோம். சரிவு 10 டிகிரிக்குக் குறைய வேண்டாம். 15 அடி ஓட்டத்துக்கு ஒரு பக்கம் சுமார் 2 அடி 8 அங்குலம் உயர வேண்டும். சரிவு நீளம் 4.64 மீட்டர், கீழ்ப்பக்கம் 15 செ.மீ. வெளியே நீட்டினால் 4.8 மீட்டர். இந்த நீளத்துக்கு ஒரே ஷீட்டாக வெட்டி வாங்குங்கள். நடுவில் ஒட்டு வந்தால் அது ஒழுகும் இடம்.

ஷீட் பொதுவாக 1 மீட்டர் அகலத்தை மூடும். 20 அடிக்கு ஆறு ஷீட் போதாமல் ஏழாவதை நீளவாக்கில் வெட்ட வேண்டி வரும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை 19 அடியாகக் குறைத்தால் ஆறு ஷீட்டில் வேலை முடியும். இரு பக்கமும் சுமார் 10 செ.மீ. நீட்டமும் கிடைக்கும். அதனால் சட்டம் வெல்டிங் செய்வதற்கு முன்பே ஷீட்டின் அகலத்தைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு ஷீட்டும் சேர்ந்து 70 கிலோவுக்குள் வரும். 0.5 மி.மீ. இரும்பு ஷீட் என்றால் இதே அளவுக்கு 135 கிலோவைத் தாண்டும்.

படி 3: சட்டமும் காற்றும்

எடை குறைவு என்பதால் சட்டத்தையும் மெலிதாகப் போடலாம் என்று சில வெல்டர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். கூரைக்கு உண்மையான சுமை மேலே தூக்கும் காற்று. இந்தியத் தரநிலைப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். ஷீட்டின் எடையோ இரண்டு கிலோ சொச்சம். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் கூரைகளைப் பிய்த்துப் போட்டது இப்படித்தான்.

தூணைக் கைப்பிடிச் சுவர் செங்கலில் பதிக்கக் கூடாது. கீழே இருக்கும் கான்கிரீட் பீம் அல்லது கான்கிரீட் தூணின் மேல் இரும்புத் தகடு (பேஸ் பிளேட்) வைத்து, நான்கு ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். எங்கே துளை போடலாம் என்பதைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். மாடி ஷெட்டுக்கு அனுமதி தேவையா என்று மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பி, இடைவெளி 3 அடி, மொத்தம் ஆறு பர்லின். வெல்டிங், கிரைண்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகே ஷீட் மேலே ஏற வேண்டும். இரும்புத் தூள் ஷீட்டில் விழுந்தால் மழை பட்டதும் துருக்கறை படியும்.

படி 4: பிரித்து வைப்பது

அலுமினியக் கூரை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரும்பு, செம்பு மாதிரி வேறு உலோகத்தைத் தொட்டபடி ஈரமும் சேர்ந்தால், அலுமினியம்தான் அரிக்கும். கடலோரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஒவ்வொரு பர்லின் மேலும் இபிடிஎம் (வெயில், மழை தாங்கும் ஒரு வகை) ரப்பர் டேப் ஒட்டுங்கள். கிடைக்காவிட்டால் பிட்டுமன் (தார்) பெயின்ட் இரண்டு கோட். ஏசியின் செம்புக் குழாயில் வழியும் தண்ணீர் கூரையில் சொட்டக் கூடாது. அதில் கரைந்து வரும் செம்பே ஷீட்டில் குழி விழச் செய்யும். சுவரோடு சேரும் ஓரத்தை ஈரச் சிமென்ட் வைத்துப் பூசுவது நம் ஊரில் வழக்கம். சிமென்டின் காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும். அங்கே அலுமினியப் பட்டையை மடித்து வைத்து, அமிலம் கலக்காத, நியூட்ரல் வகை சிலிக்கான் சீலன்ட் அடியுங்கள். புளித்த வாடை வரும் சீலன்ட் வேண்டாம்.

படி 5: ஷீட் ஏற்றி இறுக்குவது

காற்று அதிகம் வரும் திசைக்கு எதிர் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். அப்போதுதான் ஒரு ஷீட் மேல் அடுத்தது ஏறும் பக்க ஒட்டின் வாய் காற்றுக்கு முதுகு காட்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் ஷீட்டைத் தூக்கவே வேண்டாம். நடக்கும்போது பர்லின் வரிசையில் பலகை போட்டு நடங்கள், பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 4.8 மீட்டர் ஷீட் 40 டிகிரி ஏறி இறங்கினால் 4 மி.மீ.க்கு மேல் நகரும். இடம் விடாமல் இறுக்கினால் ஓட்டை நீள்வட்டமாகி மழைநீர் இறங்கும். 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஷீட்டில் 9 மி.மீ. துளை போட்டு, 25 மி.மீ. அகல ரப்பர் வாஷர் வையுங்கள். நடுப் பர்லின் ஒன்றில் மட்டும் சரியான அளவுத் துளை. ஷீட் அங்கிருந்து இரு பக்கமும் விரியட்டும்.

மேல், கீழ் ஓரப் பர்லினில் ஷீட்டுக்கு ஐந்து ஸ்க்ரூ, நடுப் பர்லின்களில் மூன்று: ஆக 132. பக்க ஒட்டுகளில் ஒன்றரை அடிக்கு ஒன்று வீதம் சுமார் 50. மொத்தம் 200 வாங்குங்கள். ஸ்க்ரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம், கடற்கரை ஓரம் என்றால் 316. மலிவாகக் கிடைக்கும் 410 ஸ்க்ரூ துருப்பிடிக்கும். வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள்; பிதுங்கினால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும்.

படி 6: சூடும் சத்தமும்

அலுமினியம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மை. ஆனால் பூச்சில்லாத ஷீட், ஏறிய சூட்டை எளிதில் வெளிவிடாது. தூசி படிந்தால் பளபளப்பும் போய்விடும். வெள்ளை நிறப் பூச்சுள்ள ஷீட் வாங்குவது நல்லது. கீழே ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷனை ஷீட்டோடு ஒட்டாமல் ஓரங்குலமாவது காற்று இடைவெளி விட்டுக் கட்டுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் ஃபாயிலுக்கு வேலையே இல்லை. உயர்ந்த பக்கத்தில் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள்.

மழைச் சத்தம் இன்சுலேஷனால் குறையும், முழுசாக நிற்காது. படிக்கும் அறையோ படுக்கை அறையோ ஷெட்டுக்குள் வருகிறது என்றால், இதை யோசித்த பிறகு முடிவெடுங்கள்.

பராமரிப்பு

புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், இலைகளைக் கூட்டி, தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்கி, வெடித்த வாஷரை மாற்றுங்கள். கடலோரத்தில் மழை நேரடியாகப் படாத இடங்களில்தான் உப்பு தேங்கும். கூரையின் அடிப்பக்கத்தையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கறைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஆசிட், காஸ்டிக் சோடா இரண்டும் ஷீட்டை அரிக்கும்.